இறங்கித் தொலையேன், பிரஷரே

ஜனவரி 16

இன்று காலை வானொலியில் மரண அறிவிப்பு வாசிக்கும்போது ஒரு பெயரில் நாக்கு நின்றுவிட்டது. "யுசேபியோ பீட்டர்னெல்லா, ஐம்பத்தொரு வயது..." அதற்கு மேல் காற்றுதான் வந்தது. டயாலிசிஸ் கூடத்தில் என் தம்பி ருட்சலுக்கு அடுத்த நாற்காலிக்காரர் அவர். போன வாரம்கூட என்னைப் பார்த்து, "உங்க குரலைக் கேட்டாலே பயமா இருக்கும்மா, நேர்ல பார்த்தா பரவாயில்ல" என்று சிரித்தார்.

இந்தத் தீவின் சாவுகளை வருடக்கணக்காக நான்தான் வாசிக்கிறேன். ஹாலந்து ஆண்ட இந்தக் குராசோவில் காலைக் காபியோடு எல்லா வீட்டிலும் கேட்பது அதைத்தான். யார் போனது, எந்தக் கோயிலில் பூசை, எத்தனை மணிக்கு அடக்கம். என்ன நோய் என்று அறிவிப்பில் எழுதித் தர மாட்டார்கள். எழுதாவிட்டால் என்ன? ஒன்று சர்க்கரை, இல்லாவிட்டால் பிரஷர்.

மதியம் ருட்சல் போன் செய்தான். "கேட்டேன்க்கா. என் பேரை வாசிக்கும்போதாவது திக்காம வாசி."

"செருப்பு பிஞ்சிடும், நாயே" என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி 19

எல்லாச் சோதனையும் முடிந்தது. ரத்தம் பொருந்துகிறது. திசு பொருந்துகிறது. என் இரண்டு சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றன. ஒன்றைத் தம்பிக்குக் கொடுக்க நானும் தயார். இடிப்பது என் பிரஷர் மட்டும்: 152-க்கு 96.

எனக்கா? தலைவலி என்று ஒருநாள் படுத்திருப்பேனா நான்?

டாக்டர் ஹூக்ஸ்ட்ரா ஹாலந்துக்காரர். இங்கே வந்து நரைத்தவர். எங்கள் பாஷையை எலும்பைக் கடிப்பதுபோல் கடித்துக் கடித்துப் பேசுவார். "லுட்வினா, உங்க தம்பி கிட்னியைத் தின்னதே பிரஷர்தான். பிரஷர் இருக்கிற அக்காகிட்டயிருந்து ஒண்ணை எடுத்துட்டு, நாளைக்கு உங்களையும் அந்த நாற்காலியில உட்கார வைக்கவா?"

ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். அதற்கு மேல் மருந்து தேவைப்பட்டால், அறுவை செய்யப்போகும் ஹாலந்து மருத்துவமனை ஒத்துக்கொள்ளாதாம். மீதியைச் சாப்பாட்டில்தான் இறக்க வேண்டும். உப்பை விடணும். வாழைப்பழம், கீரை, பீன்ஸ், தயிர் என்று பொட்டாசியம் உள்ளதெல்லாம் தின்னணும். ஜூன் வரை பார்ப்பாராம். இறங்காவிட்டால் என் பெயரை அடித்துவிடுவாராம்.

வேறு யார் இருக்கிறார்கள்? தம்பி மனைவி ஸ்வின்டாவுக்குச் சர்க்கரை. பிள்ளை கிடையாது. அவனுக்கு நான், எனக்கு அவன்.

ஜனவரி 22

அடுக்களையைக் காலி செய்தேன். உப்புக்கண்டம் ஊறப்போட்ட வாளியைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். பன்றிவால், உப்புக் கருவாடு, பாலாடைக்கட்டி, சோயா சாஸ் எல்லாம் போயிற்று. சூப்பில் போடும் மசாலாக் கட்டி டப்பாவின் பின்னால் எழுதியிருப்பதை இன்றுதான் கண்ணாடி போட்டுப் படித்தேன். பாதிக்கு மேல் உப்பு! இத்தனை வருடம் ஒரு சட்டிக்கு மூன்று கட்டி போட்டிருக்கிறேன். எனக்கு ஏன் பிரஷர் வந்தது என்று கேட்க எனக்கு வெட்கமே இல்லை.

வேலையில் சப்பும் கறுப்பு மிட்டாயையும் நிறுத்தினேன். ட்ராப் என்போம், ஹாலந்துக்காரர்கள் பழக்கிவிட்டது. தொண்டை காயாமல் இருக்க வாசிப்பதற்கு முன் ஒன்று போட்டுக்கொள்வேன். நான் போடுவது உப்பு ட்ராப். பெயரிலேயே உப்பு இருக்கிறது, அது வேண்டாம்.

பிப்ரவரி 5

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு என் வீட்டில். இரண்டு அடுப்பில் இரண்டு சமையல்.

இதைவிடக் கொடுமை உண்டா? எனக்கு எது மருந்தோ அது தம்பிக்கு விஷம். வாழைப்பழமும் பீன்ஸும் கீரையும் என் பிரஷரை இறக்கும். அதே பொட்டாசியத்தை அவனுடைய செத்த சிறுநீரகம் வெளியே தள்ளாது, ரத்தத்தில் தங்கி இதயத்தை நிறுத்திவிடும். எனக்கு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே அவன் தட்டிலிருந்த உருளைக்கிழங்கைப் பிடுங்கினேன். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது சோளமாவுக் களி மட்டும்தான். அதுவும் உப்பில்லாமல்.

வெண்டைக்காய் சூப்பை உப்புக்கண்டம் போடாமல் வைத்திருந்தேன். ருட்சல் கரண்டியால் கிளறிப் பார்த்தான். "என்னக்கா இது, வெண்டைக்காய்க்கு நீச்சல் பழக்குறியா?"

"வாயை மூடிட்டுத் தின்னு. உனக்காகத்தான் இந்தக் கழுநீரை நான் குடிக்கிறேன்."

"அதான் கேட்டேன். ஒரு கிட்னிக்கு இவ்ளோ அவஸ்தையான்னு." சிரித்தான். முகம் வீங்கியிருந்தது. கண்ணைப் பார்க்க முடியவில்லை என்னால்.

பிப்ரவரி 14

உப்பு இல்லாமல் பைத்தியம் பிடிக்கிறது. வாய் எதையோ தேடுகிறது. நேற்று கனவில் கருவாடு தின்றேன். எழுந்து தண்ணீர் குடித்தேன்!

சாயங்காலம் ஸ்வின்டா ஒரு பெரிய பையோடு வந்தாள். சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்ப்பவள், பொட்டலத்தைத் திருப்பிப் படிக்காமல் எதையும் எடுக்க மாட்டாள். "இனிப்பு ட்ராப், அண்ணி. உப்பு சுத்தமா கிடையாது. சர்க்கரையும் கிடையாது. நல்லது, வெறும் அதிமதுர வேர்ச் சாறு. பார்த்துத்தான் எடுத்தேன். வாய் அரிக்கும்போதெல்லாம் போட்டுக்குங்க."

நல்ல பெண். நான் அவளைப் பற்றிக் கல்யாணத்தின்போது சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மார்ச் 8

160-க்கு 100.

ஏறியிருக்கிறது. ஏ-றி-யி-ருக்-கி-றது! கருவி கெட்டிருக்கும் என்று நர்ஸிடம் சண்டை போட்டேன். வேறு கருவி வைத்தாள். அதுவும் அதையே சொன்னது.

மார்ச் 9

ஒரு கல் உப்பு தொடவில்லையே நான். எங்கிருந்து ஏறுகிறது?

மார்ச் 21

இன்னும் இறுக்கிவிட்டேன். கடை ரொட்டியிலும் உப்பு இருக்கிறது என்றார்கள், அதையும் விட்டேன். காலையில் ஓட்ஸ், வாழைப்பழம். மதியம் கீரை, பீன்ஸ், உப்பு போடாத மீன். நடக்கிறேன். மது முன்னேயும் கிடையாது. இடையில் ஏதாவது கேட்டால் ட்ராப், தண்ணீர், ட்ராப், தண்ணீர். ஸ்வின்டா வாரம் தவறாமல் பை கொண்டுவருகிறாள்.

ராத்திரியில் கெண்டைக்கால் முறுக்கிப் பிடிக்கிறது. மோதிரம் விரலிலிருந்து கழற்ற வரவில்லை. மெலிய வேண்டியவள் ஏன் வீங்குகிறேன்?

ஏப்ரல் 11

168-க்கு 104. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்தார். "லுட்வினா, வீட்ல என்ன சாப்பிடுறீங்கன்னு உண்மையைச் சொல்லுங்க."

"உண்மையைத்தான் சொல்றேன்."

"நான் திட்ட மாட்டேன்."

"திட்டுங்களேன்! திட்டுற மாதிரி நான் ஏதாவது தின்னிருந்தா திட்டு வாங்கிக்க மாட்டேனா!" கத்திவிட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் குனிந்து ரத்தச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவர் நம்பவில்லை.

ஏப்ரல் 13

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

ஸ்வின்டா வந்தாள். வழக்கம்போல் பையை மேசைமேல் வைத்தாள். உட்காரவில்லை. "அண்ணி, ஒண்ணு கேட்பேன், கோச்சுக்கக் கூடாது."

"கேளு."

"உங்களுக்குக் குடுக்க இஷ்டமில்லைன்னா நேரா சொல்லிடலாமே. எதுக்கு இப்படி?"

எனக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. "எப்படி?"

"உப்பை விட்டா எல்லாருக்கும் பிரஷர் இறங்குது. உங்களுக்கு மட்டும் ஏறுது. யாருக்கும் தெரியாம தின்னா ஏறும். டாக்டரே வேண்டாம்னு அடிச்சுட்டா உங்க மேல பழி வராது. நான் முட்டாள் இல்ல, அண்ணி."

இந்த வாய்தானே நாள் முழுக்க ஊருக்கே பேசுகிறது? அதிலிருந்து வந்தது எல்லாம் எழுதும்படியானது இல்லை. கடைசியில் கதவைக் காட்டினேன். அவள் அழுதுகொண்டே போனாள். அவள் அழுகிறாள்! அவளா அழ வேண்டியவள்?

சரி, கோபம் ஆறட்டும். ஆறுமா?

ஏப்ரல் 14

ருட்சலைப் பார்க்கப் போனேன், டயாலிசிஸ் கூடத்துக்கே. யுசேபியோவின் நாற்காலியில் இப்போது ஒரு சின்னப் பெண். ருட்சல் கையில் இரண்டு குழாய்கள், ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. "உன் பொண்டாட்டி என்ன சொன்னா தெரியுமா?" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றான். அதற்குப் பிறகு கூரையைப் பார்த்தபடி, "பரவாயில்லக்கா. பயமா இருந்தா வேண்டாம். நான் உன்னைத் தப்பா நினைக்க மாட்டேன்."

அவனும்.

அவனுமா? நான் தூக்கி வளர்த்தவன். என் இடுப்பில் உட்கார்ந்து என் தலைமுடியில் மூக்கைத் துடைத்தவன். ஸ்வின்டா சொன்னபோது கோபம்தான் வந்தது. இவன் சொன்னபோது கோபம்கூட வரவில்லை. வண்டியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அரைப் பை ட்ராப்பைத் தின்று தீர்த்தேன்.

ஏப்ரல் 17

நான் தூக்கத்தில் எழுந்து போய் ஏதாவது தின்கிறேனா? உப்பு ஜாடியே வீட்டில் இல்லை. இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன். நிஜமாகவே உள்ளுக்குள் பயந்து, உடம்பே பிரஷரை ஏற்றிக்கொள்கிறதா? அப்படி நடக்குமா?

ஏப்ரல் 20

உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன். நடந்தது நடந்தபடி.

ரத்தச் சோதனை முடிவுக்காகப் போனேன். டாக்டர் தாளை என் பக்கம் திருப்பினார். பொட்டாசியம் தரையில் கிடக்கிறதாம். இன்னும் கொஞ்சம் இறங்கினால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடுமாம். கால் முறுக்கிப் பிடிப்பதும் அதனால்தான்.

"நாள் முழுக்க வாழைப்பழமும் கீரையுமா தின்னுறேன், டாக்டர்."

"அதான் எனக்கும் புரியல. வாந்தி எடுக்குறீங்களா? பேதி மாத்திரை? நீர் பிரியுற மாத்திரை ஏதாவது ரகசியமா?"

"இல்ல, இல்ல, இல்ல."

அப்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, சிறுநீரகத்துக்கு மேலே ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது, அதில் கட்டி ஏதாவது இருக்கலாம், படம் எடுத்துப் பார்க்கணும் என்றார். கட்டியா! எனக்குப் பகீரென்றது. கைப்பையைத் திறந்து ஒரு ட்ராப்பை எடுத்து வாயில் போட்டேன். எதிரில் ஆள் இருக்கும்போது தனியாகத் தின்பது மரியாதையா? பையை அவரிடமும் நீட்டினேன். ஹாலந்துக்காரர், ட்ராப்பைப் பார்த்தால் விடுவாரா? கை தானாக வந்து ஒன்றை எடுத்தது. வாய்வரை போனது.

வாய்க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார். மிட்டாயைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"லுட்வினா... இதை ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுவீங்க?"

"கணக்குக் கிடையாது. அரைப் பை. மனசு சரியில்லைன்னா முழுப் பை. ஆனா உப்பில்லாதது, டாக்டர். இனிப்பு."

"எப்போலேர்ந்து?"

"பிப்ரவரியிலேர்ந்து. உப்பை விட்ட பிறகு."

அவர் நாற்காலியில் சாய்ந்து, தன் பாஷையில் ஏதோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு பொட்டலத்தை வாங்கிப் பின்பக்கம் படித்தார். அதிமதுர வேர்ச் சாறு. "உப்பு இதுல இல்ல. உண்மைதான். ஆனா இந்த வேர் உங்க கிட்னிக்குத் தப்பான உத்தரவு போடுது. இருக்கிற உப்பை விடாதே, பிடிச்சு வை, பொட்டாசியத்தைக் கொட்டுன்னு. நீங்க வாயால உப்பை நிறுத்தினீங்க, கிட்னி இருந்த துளி உப்பையும் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. நீங்க தின்ன வாழைப்பழம், கீரை எல்லாம் மூத்திரத்துல போயிருக்கு."

"இனிப்பு மிட்டாயா?"

"இனிப்போ உப்போ, ரெண்டுலயும் அதே வேர்தான். எப்பவாவது ஒண்ணு ரெண்டு தின்னா ஒண்ணும் ஆகாது. நீங்க தின்னது..." கையால் ஒரு மூட்டையைக் காட்டினார்.

எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. வாயில் அந்தச் சனியன் இன்னும் கரைந்துகொண்டிருந்தது. அவர் கைக்குட்டைக் காகிதத்தை நீட்டினார். துப்பினேன்.

"உப்பு கேட்டேன், மது கேட்டேன், மாத்திரை கேட்டேன்" என்றார். "மிட்டாயைக் கேட்கல. நான் பிறந்த ஊர் மிட்டாய்! உங்களை நான் நம்பவே இல்ல. மன்னிச்சுக்குங்க."

இப்போதைக்குப் படம் வேண்டாமாம். நிறுத்தினால் சில வாரத்தில் உடம்பு தன் வழிக்கு வரும், வராவிட்டால் பார்க்கலாம் என்றார். அதுவரை பொட்டாசியத்துக்கு ஒரு மருந்து கொடுத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து இருந்த பைகளையெல்லாம் தரையில் அடுக்கினேன். எல்லாம் ஸ்வின்டா வாங்கி வந்தவை.

ஏப்ரல் 21

காலை முழுக்க வாய்க்குள் வசனம் தயாரித்தேன். "நான் திருட்டுத்தனமா தின்னேன்னியே, உன் புருஷனுக்குக் குழி தோண்டினது யாருடி?" கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். நன்றாக வந்தது. என் குரல் அப்படி.

அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஸ்வின்டா கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். ருட்சல் சோபாவில் படுத்திருந்தான், காலுக்கு மூன்று தலையணை. மூச்சு வாங்கியது. அந்த மூச்சைக் கேட்டதும் வசனமெல்லாம் மறந்துவிட்டது. டாக்டர் சொன்னதை மட்டும் சொன்னேன், செய்தி வாசிப்பதுபோல.

ஸ்வின்டா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். "நானா? என் கையாலயா? நான் படிச்சுப் பார்த்துத்தானே எடுத்தேன் அண்ணி... உப்பு இல்லைன்னு போட்டிருந்துச்சே..." என்று தலையில் அடித்துக்கொண்டாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். பிடித்த பிறகுதான் அவளை நான் தொடுகிறேன் என்பதே தெரிந்தது.

"நான் சொன்னதை மறந்துடுங்க அண்ணி."

"மறக்க மாட்டேன்" என்றேன். பொய் சொல்ல வரவில்லை. "ஆனா எந்திரி. தரை ஜில்லுனு இருக்கு."

நான் கிளம்பும்போது ருட்சல் என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டான், சின்ன வயதில் பிடிப்பானே, அப்படி. மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியாது அவனுக்கு. சும்மா பிடித்துக்கொண்டிருந்தான்.

மே 4

கால் முறுக்கல் நின்றுவிட்டது. மோதிரம் கழன்று சோப்புத் தண்ணீரில் விழுந்தது. தேடி எடுத்தேன்.

மே 16

138-க்கு 88! நர்ஸிடம் வேறு கருவி கேட்டேன். "போன தடவை ஏறினதுக்குச் சண்டை, இப்போ இறங்கினதுக்குமா?" என்றாள்.

தொண்டைக்கு வெந்நீர்தான். முதல் வாரம் தவளைபோல் வாசித்தேன். ஒரு கிழவர் நிலையத்துக்குப் போன் செய்து, சாவு அறிவிப்புக்கு இந்தக் குரல்தான் பொருத்தம் என்று பாராட்டினாராம்.

ஜூன் 7

ஒரு பகல் ஒரு ராத்திரி கையில் பிரஷர் பட்டையைக் கட்டி அளந்தார்கள். சராசரி 124-க்கு 79. அதே ஒரே மாத்திரையோடு. பொட்டாசியம் சரி. கீரையும் பீன்ஸும் உப்பில்லாக் களியும் இவ்வளவு நாள் வேலை செய்யாமல் இல்லை, நான்தான் செய்யவிடவில்லை என்றார் டாக்டர்.

ஹாலந்துக்கு எழுதிவிட்டார். இப்போது காத்திருக்க வேண்டும்.

ஜூன் 19

ருட்சலை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நுரையீரலில் நீர். ட்ராப்பில் போன மாதங்களைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஸ்வின்டாவும் அதையேதான் நினைக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பேசுவதில்லை. நான் பீன்ஸ் வேகவைத்துக் கொண்டுபோனேன், அவளும் நானும் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் தின்றோம்.

ஜூன் 26

ஹாலந்தில் சரி என்று சொல்லிவிட்டார்கள்! அவன் பயணம் செய்யலாமாம். ஜூலையில் போகிறோம்.

ஜூலை 18

ஹாலந்து. நாளைக் காலை அறுவை. குளிர்கிறது, இதை இவர்கள் கோடை என்கிறார்கள். பயம் இருக்கிறதா? இருக்கிறது. அவனிடம் இல்லை என்றேன்.

ஜூலை 20

உயிரோடு இருக்கிறேன். பேனா பிடிக்க முடிகிறது. இடது பக்கம் நெருப்பு. பிரஷர் 118. என் கிட்னி தம்பிக்குள் போய்விட்டது, ஆனால் வேலை செய்ய ஆரம்பிக்கவில்லை. சிலருக்குத் தூங்கும், சில நாள் ஆகும் என்கிறார்கள். சிலருக்கு எழுந்திருக்கவே எழுந்திருக்காது என்பதையும் ஒரு நர்ஸ் சொல்லிவிட்டாள். கேட்டது நான்தான்.

ஜூலை 21

இன்னும் இல்லை. அந்த வேர் என் கிட்னியைக் கெடுத்துவிட்டதா? டாக்டர்கள் இல்லை என்கிறார்கள். ஸ்வின்டா இரண்டு அறைக்கும் நடுவில் நடந்துகொண்டே இருக்கிறாள்.

ஜூலை 22

காலைக் கஞ்சி வந்தது. கரண்டியைக் கையில் எடுத்தேன். வராந்தாவில் யாரோ ஓடி வரும் சத்தம். இந்த ஆஸ்பத்திரியில் யாரும் ஓட மாட்டார்கள், சத்தமாக இருமக்கூட மாட்டார்கள்.

"அண்ணீ!" எங்கள் பாஷையில், ஊருக்கே கேட்கும்படி. "அண்ணீ! மூத்திரம் வந்துடுச்சு! பை நெறைய! நர்ஸ் ரெண்டாவது பை மாட்டுறா, அண்ணி! மூத்திரம்!"

வாசலில் நின்றாள். மூச்சு வாங்கியது, ஒரு காலில் செருப்பு இல்லை. பக்கத்துப் படுக்கை ஹாலந்துக் கிழவி கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன், தையல் பிய்ந்துவிடும்போல் வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லு" என்றேன்.